பத்தாம் இடம் போதும்

முதலிடம் பெற்ற பாட்டை மொன்றியலில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்கவும் முடியாது. முதலிடத்தின் மகிமையே அதுதான் என்று உயர்சபைத் தலைவர் ஆனந்தராசா பல மேடைகளில் விளக்கியிருக்கிறார்.

இது இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு நிலவரம். பல மொழிக்காரரும் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பேசுகிற ஒரு வானொலி நிலையத்தில், ஞாயிறு மத்தியானம் ஹெயிட்டிக்காரருக்கும் கிரேக்கருக்கும் நடுவே தமிழருக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. அதில் ஒலித்ததுதான் 'பொற்கால முதல் பத்து'. எழுபதுகளில் இலங்கையில் கிற்றாரும் பொங்கோவுமாக, அகலக் கழுத்துப்பட்டிச் சட்டை போட்ட இளசுகள் பாடித் தள்ளிய பொப் பாட்டுக்களை, முப்பது வருடம் கழித்து, பனிக்குள் குந்தியிருந்து வரிசைப்படுத்தும் நிகழ்ச்சி. இதற்கென்றே ஓர் அமைப்பு: மொன்றியல் பொற்காலப் பொப்பிசை வரிசை நிர்ணய உயர்சபை. ஆரம்பத்தில் வெறும் சபையாகத்தான் இருந்தது. அது இரண்டாக உடைந்தபோது, மற்றவர்கள் முந்திவிடுவார்களோ என்ற பயத்தில் இவர்கள் அவசரமாக 'உயர்' சேர்த்துக்கொண்டார்கள். மற்றச் சபை எப்போதோ இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் ஏறிய உயரத்திலிருந்து ஒருவரும் இறங்கவில்லை.

வரிசை நிர்ணயிக்கும் முறை மிகவும் ஜனநாயகமானது. நேயர் வாரத்தில் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, பாட்டின் பெயரைச் சொல்லி, விரும்பிக் கேட்பவர்களின் பெயர்களைக் கொடுக்க வேண்டும். தன் பெயர், மனைவி, பிள்ளைகள், மேல்மாடிக்காரர், ஸ்கார்பரோ சித்தப்பா, பாரிஸ் மச்சாள், இப்படி எத்தனையும் கொடுக்கலாம். எந்தப் பாட்டுக்கு அதிகப் பெயரோ அது முதலிடம். கொடுத்த பெயரெல்லாம் வானொலியில் வாசிக்கப்படும். நம் சனம் வானொலியில் பாட்டுக் கேட்கப் பழகிய விதம் அப்படி. அந்தக் காலத்தில் தபாலட்டை போட்டுவிட்டு வானொலிப் பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டிருந்ததும் பாட்டுக்காக அல்ல, தன் பெயர் வருகிறதா என்று பார்க்கத்தான். பெயர் வந்துவிட்டால் பாட்டின்போது எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடலாம்.

இந்த உண்மையை நன்கு உணர்ந்த உயர்சபை, தன் அமைப்பு விதிகளான யாப்பில் இவ்வாறு எழுதி வைத்திருந்தது: "நேயரின் பெயர் எக்காரணம் கொண்டும் விடப்படலாகாது. வாசிப்பு இடையில் நிறுத்தப்படலாகாது. நேரம் போதாவிடின் பாடல் விடப்படும்."

இதனால் ஏற்பட்ட விளைவு கணக்குத் தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கும். பத்தாம் இடத்துப் பாட்டை ஒருவரோ இருவரோதான் கேட்டிருப்பார்கள், ஆகவே அது நிம்மதியாகப் போகும். ஏழாம் இடத்தில் ஒரு சரணம் குறையும். நாலாம் இடத்தில் பல்லவி மட்டும். இரண்டாம் இடத்தில் தொடக்க இசை வரும், அதன்மேல் ஆனந்தராசாவின் குரல் வரும், அத்தோடு சரி. முதலிடத்தில் பெயர்கள், பெயர்கள், மேலும் பெயர்கள். பெயர்களின் நடுவிலேயே கிரேக்கர் வந்துவிடுவார்கள். கிரேக்கர் நேரம் தவறாதவர்கள்.

பிறக்கவிருக்கும் குழந்தைகளின் பெயர்கூட வாசிக்கப்பட்டிருக்கிறது. லாசால் பக்கம் ஒரு வீட்டிலிருந்து 'ரெக்ஸ்' என்று வந்த பெயர் நாயினுடையது என்று பிறகு தெரிந்தது. விசாரணை நடந்து, ரெக்ஸுக்கு நிரந்தர முகவரி இருப்பதால் பெயர் செல்லுபடியாகும் என்று தீர்ப்பானது.

இப்படி எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்த வேளையில்தான் அக்னெஸ் அக்கா வந்து சேர்ந்தார்.

அக்னெஸ் மட்டக்களப்பு. பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் மகள் மேனுகாவோடு குடியிருந்தார். கிழமை நாட்களில் ஒரு கார்டரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமையல். பிள்ளைகள் சோற்றைத் துப்பினாலும், படுக்க மாட்டேனென்று உருண்டாலும், குரலை உயர்த்தாமல் அவர்கள் தலைமாட்டில் போய் நின்றே காரியத்தைச் சாதித்துவிடுவார் என்று அங்கே பெயர். அவர் ஒரு காலத்தில் பாடியவர் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எழுபத்துநாலில், பத்தொன்பது வயதில், 'வாவிக்கரைச் சைக்கிள்காரா' என்று ஒரு பாட்டுப் பாடி, அது சின்ன இசைத்தட்டாக வெளிவந்திருந்தது.

வாவிக்கரைச் சைக்கிள்காரா, மணியடிச்சுப் போகாதே,
வாசலில அம்மா நிற்கா, வந்த வழி பாராதே.

கிற்றார் வாசித்தது அவருடைய அண்ணன் யோசெப். ஒருநாளும் வாயை மூடி இருக்கத் தெரியாத, எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு மட்டக்களப்புக் 'கா' ஒட்டிச் சொல்கிற மனிதர். கொழும்பில் ஒலிப்பதிவு செய்த அன்று, சிவப்பு விளக்கு அணையும்வரை ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்று பொறியியலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பாட்டு முடிந்தது. கிற்றார் அடங்கியது. விளக்கு அணையுமுன் யோசெப் ஏதோ சொல்லிவிட்டார். பொறியியலாளர் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி பதிவு செய்ய நேரமில்லை. இசைத்தட்டின் கடைசியில் யோசெப்பின் குரல் அப்படியே அச்சாகிவிட்டது.

அக்னெஸிடம் இருந்த தட்டு எழுபத்தெட்டுப் புயலில் கூரையோடு போனது. யோசெப் தொண்ணூறாம் ஆண்டு, போர் நடந்த நேரம், ஒரு காலை பேக்கரியில் பாண் வாங்கி வருகிறேன் என்று போனவர், திரும்பி வரவில்லை. தேடாத இடமில்லை. ஒரு படம் இருக்கிறது. குரல் எங்கும் இல்லை.

அந்த ஞாயிறு அக்னெஸ் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஆனந்தராசா வானொலியில், "பத்தாம் இடத்தில் ஒரு புதிய வரவு. பெயர் அறியாப் பாடகி ஒருவரின் குரலில்..." என்றார். முதல் கிற்றார் விழுந்ததும் அக்னெஸ் கத்தியை வைத்துவிட்டு அப்படியே நின்றார். பத்தொன்பது வயது அக்னெஸ் பாடி முடித்தாள். கிற்றார் அடங்கியது. அக்னெஸ் வானொலியின் பக்கமாகக் குனிந்தார்.

"ஆகா! கேட்டீர்களா நேயர்களே!" என்றார் ஆனந்தராசா. யோசெப்பின் குரல் அதற்குக் கீழே எங்கோ அமிழ்ந்துபோனது.

"என்ன மம்மி, அழுறீங்களா?" என்று மேனுகா கேட்டாள்.

"அண்ணன் கதைக்கிற நேரத்தில இந்த மனிசன் கதைச்சிட்டான் மகள். என்ன சொன்னவர் எண்டு எனக்கு மறந்து போச்சு. அந்தக் குரலும் இப்ப மறந்து கொண்டு வருது. இரவில யோசிச்சுப் பாக்கிற, வருகுதில்ல."

"ரேடியோக்குக் கோல் பண்ணிக் கேளுங்க. ஒரு சீடில கொப்பி பண்ணித் தருவாங்க. சிம்பிள்."

மேனுகா இந்த நாட்டில் வளர்ந்தவள். உயர்சபைகளைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

அக்னெஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். எடுத்தது ஆனந்தராசாவே. கடையில் பால் வாங்கும்போதும் வானொலித் தமிழிலேயே பேசுகிறவர் அவர்.

"வணக்கம், பொற்காலம் பேசுகிறது. எந்தப் பாடல்? யார் யார் பெயர்கள்?"

"சேர், அந்தச் சைக்கிள்காரன் பாட்டு. நான்தான் பாடின. என்ட பேர் அக்னெஸ். அடுத்த கிழமையும் போடுங்க. ஆனா முடியிற இடத்தில ஒருக்காக் கதைக்காம விடுங்க. விரும்பிக் கேக்கிறவர் எண்டு என்ட அண்ணன்ட பேரை வாசிங்க. யோசெப்."

"பாடகியே வாழ்கிறார்! இதே நகரில் வாழ்கிறார்!" ஆனந்தராசாவின் குரல் நடுங்கியது. பிறகு தெளிந்தது. "அண்ணனாரின் முகவரி?"

"முகவரி இல்ல சேர். ஆளைக் காணல்ல. தொண்ணூறில."

"வருந்துகிறேன் அம்மையாரே. முகவரி இல்லாத பெயரைச் சேர்க்க யாப்பில் இடமில்லை. ஒருமுறை விட்டால் ஆளாளுக்குக் கற்பனைப் பெயர் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள்."

அடுத்த ஞாயிறு ஆனந்தராசா பெருமையோடு அறிவித்தார்: "அந்தக் குயில் நம் மத்தியில்தான் இருக்கிறது!" அவ்வளவுதான். மட்டக்களப்புச் சனம் எல்லாம் தொலைபேசியைத் தூக்கியது. திருகோணமலைச் சனம் பின்தங்க விரும்பவில்லை. பாட்டு ஆறாம் இடத்துக்குத் தாவியது. ஆறாம் இடத்தில் கடைசிச் சரணம் போனது. அதற்கடுத்த கிழமை நாலாம் இடம். அக்னெஸ் வானொலிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருக்க, பல்லவியோடு பாட்டு நின்றது.

வழியில் கண்டவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "அக்கா, எங்கட வீட்டில மட்டும் பன்ரெண்டு பேர் குடுத்தனாங்கள்!" என்றார் பலசரக்குக் கடைக்காரர். அக்னெஸுக்கு அவரைக் கட்டிப்பிடிப்பதா, அவர் கடைத் தேங்காயால் அவரையே அடிப்பதா என்று தெரியவில்லை.

நேரில் போய்க் கேட்பதென்று முடிவு செய்தார். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஆனந்தராசா வீட்டு நிலவறையில்தான் உயர்சபையின் தலைமையகம். மேனுகா காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டாள். நிலவறையில் நீள மேசை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஆனந்தராசா. வலப்பக்கம் செயலாளர் நாகசுப்பிரமணியன். ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர், தமிழ்நாட்டுக்காரர். இடப்பக்கம் விமலநாதன். கிழமை நாட்களில் டாக்ஸி ஓட்டுபவர், ஞாயிறில் இசைத்தட்டுப் பொறுப்பாளர். பாட்டை ஏற்றுவதும் தலைவர் கண்காட்டியதும் குறைப்பதும் அவர் வேலை. மூவருக்கும் பின்னால் சுவர் முழுக்க இசைத்தட்டுகள், பூட்டிய கண்ணாடி அலுமாரிகளில். "எங்கள் சொத்தைக் காப்போம்" என்று வானொலியில் அழைப்பு விடுத்து, ஊர்ச்சனத்தின் பெட்டிகளுக்குள் கிடந்ததையெல்லாம் வாங்கி வந்து பூட்டியிருந்தார்கள். அவ்வளவு பாட்டும் ஒரே இடத்தில், ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது.

"ஒருக்காப் போட்டுக் காட்டுங்க சேர். கடைசி இடம் மட்டும் காணும்," என்றார் அக்னெஸ்.

ஆனந்தராசா எழுந்து நின்றார். எதிரில் ஒருவர் இருந்தாலும் அவருக்கு அது கூட்டம்தான். "அம்மையாரே! உங்கள் பாடல் வரிசையில் இருக்கிறது. வரிசையில் இருக்கும் பாடலைத் தனிப்பட்ட முறையில் ஒலிக்கவிட்டால் அது வரிசையைப் பாதிக்கும். கேட்டவர் மயங்கி மேலும் பெயர் கொடுக்கக்கூடும். அல்லது, மன்னிக்கவும், பிடிக்காமல் போய்ப் பெயரை மீளப் பெறவும் கூடும். பாட்டைக் கேட்டு வாக்களிக்கும் நிலைக்கு நம் சமூகத்தை நாம் இறக்கிவிடலாமா? ஒரு பாடல் மக்கள் மனதில் இடம்பிடித்துவிட்டால், பிறகு அது காதுக்கு எதற்கு?"

"எனக்கு வரிசை வேணாம் சேர். பாட்டை வரிசையில இருந்து எடுத்துப் போடுங்க."

"மேடம், அது எப்படி முடியும்?" என்றார் நாகசுப்பிரமணியன், மிகுந்த கனிவோடு. "டேட்டா சொல்றதை நாம மாத்தக் கூடாது இல்லையா. பாருங்க, நான் சென்னைல வளர்ந்தவன். இந்தப் பாட்டுங்க ஒண்ணுகூட நான் கேட்டதில்ல. இப்பவும் கேக்கறதில்ல. ஞாயித்துக்கிழமை ரேடியோவை அணைச்சுட்டு வாக்கிங் போயிடுவேன். அதனாலதான் என்னால நடுநிலையா இருக்க முடியறது. என்னைச் செயலாளரா போட்டதே அதுக்குத்தான்."

"அப்ப என்ன செஞ்சா முழுசாக் கேக்கலாம்?"

இப்படி ஒரு கேள்வி உயர்சபையில் எழுந்ததே இல்லை.

"கோட்பாட்டு ரீதியாக," என்று ஆனந்தராசா தயங்கினார், "பத்தாம் இடம். ஆனால் யார் அம்மையாரே பத்தாம் இடத்தை விரும்புவார்?"

படியேறி வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது விமலநாதன் பின்னால் வந்தார். "அக்கா, குறை நினைக்காதையுங்கோ. ஐஞ்சு வருசமா ஊசியை வைக்கிறன். தலைவர் கதைக்காமல் ஒரு பாட்டின்ர முடிவை நானும் கேட்டதில்லை. என்ர விரல் குறைச்சுக் குறைச்சே தேஞ்சு போச்சு," என்று மெல்லச் சொல்லிவிட்டு, கீழே யாரோ இருமியதும் திரும்பி ஓடிவிட்டார்.

அன்றிலிருந்து அக்னெஸ் தன் பாட்டுக்கு எதிராகப் பிரசாரத்தில் இறங்கினார். உலகத்தில் எந்தப் பாடகியும் செய்யாத காரியம் இது. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று, வருவோர் போவோரிடம் எல்லாம் கெஞ்சினார்: "தயவு செஞ்சு என்ட பாட்டுக்குக் கோல் பண்ணாதீங்க. பேர் குடுக்காதீங்க. பத்தாம் இடம் போதும்." சைவக்காரரை விட்டுவைப்பானேன் என்று, பஸ் இரண்டு மாறி, செயின்ட் ரெஜி வீதி முருகன் கோயிலுக்கும் போனார். அன்னதான வரிசையில் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்று அதையே சொன்னார்.

கேட்டவர்களின் நெஞ்சு உருகிப்போனது. "பாருங்கோ, எவ்வளவு அடக்கம்! தன்ர பாட்டைத் தானே வேண்டாமெண்டு சொல்லுது மனிசி. இப்படியான ஆளுக்கு நாங்கள் செய்யாட்டி ஆர் செய்யிறது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். போனதும் தொலைபேசியைத் தூக்கினார்கள். சிலர் இரண்டு தரம் கூப்பிட்டார்கள்.

பாட்டு முதலிடத்துக்கு வந்தது.

அந்த ஞாயிறை நான் மறக்க மாட்டேன். ஆனந்தராசா மூச்சுவிடாமல் பெயர் வாசித்தார். பெயர்கள் பார்க் எக்ஸ்டென்ஷனில் தொடங்கி, லாசால், லாவல் எல்லாம் சுற்றி, ஒஸ்லோவுக்குப் போய், மெல்பேர்னில் இறங்கி, மறுபடி பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு வந்தன. ரெக்ஸும் கேட்டிருந்தது. ஒரு ஸ்வரம்கூட ஒலிக்கவில்லை. பெயர்களின் நடுவில் கிரேக்கர் வந்து தங்கள் புசூக்கி வாத்தியத்தைத் தட்டினார்கள். அக்னெஸ் வானொலியை நிறுத்தினார். அவ்வளவு பெயரில் யோசெப்பின் பெயர் மட்டும் இல்லை. அன்று அவருக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நாயின் பெயரை வாசிக்கலாம், என் அண்ணனின் பெயரை வாசிக்கக் கூடாதா என்ற கோபம். அது கடைசிவரை அவரை விட்டுப் போகவே இல்லை.

பாட்டு கிழமைக்குக் கிழமை முதலிடத்திலேயே நின்றது. மாரி வந்தது. உயர்சபை அவசரமாகக் கூடி, யாப்பில் இதுவரை யாரும் பயன்படுத்தியிராத ஒரு பிரிவைத் தூசு தட்டியெடுத்தது. தொடர்ந்து முதலிடத்தில் நிற்கும் பாடல் போட்டியிலிருந்து மேலெழுந்து 'நித்திய முதலிடம்' எய்தும். எய்திய பாடல் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்கப்பட்டு, இனி ஒருபோதும் ஒலிக்கப்படாது.

"ஏன் சேர்?" என்று அக்னெஸ் தொலைபேசியில் கேட்டார். குரலை அவர் உயர்த்தவில்லை.

"தேய்மானம் அம்மையாரே! ஒவ்வொருமுறை ஒலிக்கும்போதும் ஊசி வரலாற்றைக் கீறுகிறது. நாங்கள் உங்கள் பாடலைப் பாட்டிடமிருந்தே காப்பாற்றுகிறோம். விழாவுக்குக் கட்டாயம் வாருங்கள். நீங்கள்தான் சிறப்பு விருந்தினர். இரண்டாம் வரிசையில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்."

விழா ஒரு ஞாயிறு பின்னேரம், ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில் நடந்தது. வெளியே பனி. உள்ளே குளிர்ச்சட்டைகள் குவிந்த மேசை, பொரித்த பற்றீஸ் வாசனை, சேலைக்குக் கீழே பனிச்சப்பாத்தோடு பெண்கள். மேடையில் குத்துவிளக்கு. அதற்குப் பக்கத்தில், சந்தனம் குங்குமம் பூசி, கழுத்தில்லாத இடத்தில் மாலையும் போட்டு, ஒரு பழைய றெக்கோட் பிளேயர். விமலநாதன் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. "சோடனைக்குத்தானே?" என்று ஆனந்தராசா சந்தேகமாகக் கேட்டதற்கு, "ஓம் அண்ணை, சோடனைக்குத்தான்," என்றிருந்தார். நடுவில் இசைத்தட்டு வடிவத்தில் கறுப்புக் கேக் ஒன்று, அதை வெட்ட நீளக் கத்தி. எல்லாவற்றுக்கும் மேலே, பட்டுத் துணி போர்த்த கண்ணாடிச் சட்டத்துக்குள் 'வாவிக்கரைச் சைக்கிள்காரா'.

சட்டத்தை உயர்சபையின் தலைவர் உயர்சபையின் செயலாளருக்கு வழங்கினார். செயலாளர் அதை உயர்சபையின் சார்பில் ஏற்றுக்கொண்டு, தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார். சபையோர் கை தட்டினர். நாகசுப்பிரமணியன் சட்டத்தை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டுப் பேசினார்: "இந்தப் பாட்டு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. தெரியாம இருக்கறதுதான் என் பெருமை."

அதன் பிறகு ஆனந்தராசா ஒலிவாங்கியைப் பிடித்து, இதுவரை இப்பாடலை விரும்பிக் கேட்ட அத்தனை பேரின் பெயரையும் ஒருமிக்க வாசிக்கப் போவதாக அறிவித்தார். சனம் நிமிர்ந்து உட்கார்ந்தது. இதற்காகத்தானே பனிக்குள் வந்தது. அக்னெஸின் கையில் ஒரு தாள் இருந்தது. அவர் படிக்க வேண்டிய நன்றியுரை. உயர்சபைக்கு நன்றி என்பதை மூன்று விதமாக உயர்சபையே எழுதித் தந்திருந்தது.

வாசிப்புத் தொடங்கியது. அக்னெஸ் இரண்டாம் வரிசையிலிருந்து எழுந்தார். மேனுகா, "மம்மி?" என்றாள். அக்னெஸ் மேடைப் படியில் ஏறினார். நித்திரைக்குப் போக மறுக்கும் பிள்ளையின் தலைமாட்டுக்குப் போவதுபோல அவசரமில்லாமல் போனார். கேக் கத்தியை எடுத்தார். முன்வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள். அக்னெஸ் கண்ணாடிச் சட்டத்தைக் குப்புறத் திருப்பி, பின் அட்டையைக் கத்தியால் நெம்பினார். தட்டு கைக்கு வந்தது.

ஆனந்தராசா பார்த்துவிட்டார். கண்கள் பிதுங்கின. ஆனால் என்ன செய்வார்? யாப்பு அவருடையது. வாசிப்பு இடையில் நிறுத்தப்படலாகாது. "கௌசலா குடும்பத்தினர், கோட்-தெ-நேஜ்," என்று வாசித்துக்கொண்டே, ஒலியமைப்பைக் கவனித்துக்கொண்டிருந்த விமலநாதனுக்கு ஒரு கையால் சைகை காட்டினார். குறை, குறை என்று. ஐந்து வருடமாகக் காட்டி வந்த அதே சைகை.

விமலநாதன் குறைத்தார். தலைவரின் ஒலிவாங்கியைக் குறைத்தார். அடியோடு குறைத்தார்.

அக்னெஸ் மாலையை ஒதுக்கிவிட்டுத் தட்டை வைத்தார். சோடனைப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஊசி இறங்கியது. கரகரப்பு. பிறகு யோசெப்பின் கிற்றார் மண்டபம் முழுவதும் விழுந்தது.

சனத்துக்கு முதலில் என்ன செய்வதென்று தெரியவில்லை. தங்கள் பெயர் வருமோ என்று ஆனந்தராசாவின் வாயைப் பார்த்தார்கள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. வேறு வழியில்லாமல் பாட்டைக் கேட்டார்கள். கேட்கக் கேட்க முகங்கள் மாறின. இத்தனை மாதமாகத் தாங்கள் முதலிடத்தில் தூக்கி வைத்திருந்த பாட்டு இதுதானா, இவ்வளவு குறும்பானதா, இவ்வளவு நல்லதா என்பதுபோல ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருவர் தாளம் போட்டார். பலசரக்குக் கடைக்காரர் எழுந்து நின்றே ஆடத் தொடங்கினார். இரண்டாம் சரணத்தில் நாகசுப்பிரமணியனின் சப்பாத்துக் கால் தன்பாட்டில் தட்டியது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். நிறுத்த முயன்றார். முடியவில்லை. அவருடைய நடுநிலைமை அந்த இடத்தில் முடிந்தது.

ஆனந்தராசா மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தார்.

பாட்டு முடிவுக்கு வந்தது. கிற்றார் மெல்ல அடங்கியது. அக்னெஸ் கையை உயர்த்தினார். கார்டரியில் மூன்று வயதுகள் அடங்குவது அந்தக் கைக்குத்தான். மண்டபம் அடங்கியது. தாளம் நின்றது. கரகரப்பு மட்டும் கேட்டது.

"முடிஞ்சிதா கா?" என்றது ஓர் இளைஞனின் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இனி வாயத் திறக்கலாமா?"

அக்னெஸ் பெட்டியின்மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். கண்ணீர் ஓடி மாலையில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை.

"ஓம் அண்ணன்," என்றார். "திறக்கலாம்."

பிறகு ஆனந்தராசாவிடம் போய், அவர் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கினார். அவர் கொடுத்துவிட்டார். அந்த மனிதரின் வாய் முதன்முறையாக நின்றிருந்தது. விமலநாதன் சத்தத்தைக் கூட்டினார். அக்னெஸ் நன்றியுரைத் தாளை நாலாக மடித்துக் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இந்தப் பாட்டை அடுத்ததா விரும்பிக் கேக்கிறவர் யோசெப், மட்டக்களப்பு. வீட்டு இலக்கம் இல்ல, தெரு இல்ல. இந்த ஒரு பேர்தான். வேற ஒருத்தரும் இல்ல."

சொல்லிவிட்டு ஊசியைத் தூக்கி மறுபடி தொடக்கத்தில் வைத்தார். பாட்டு முழுதாகப் போனது.